பேணியும் பேணுதலும்
பிரித்தானிய உணவுப் பேணிகள் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு காலத்து மக்களின் வாழ்க்கையை அறிய விழைவோர் அக்காலத்துக் கோயில்களையும் கல்வெட்டுகளையும் ஏட்டுச் சுவடிகளையும் நாடுதல் மரபு. அடுக்களைத் தட்டில் இருந்த தகரப் பேணியை நாடுவோர் மிகச் சிலரே. ஆயினும், கல்வெட்டு அரசன் சொல்ல விரும்பியதைச் சொல்வது போலவே, பேணியின்மேல் உள்ள படமும் எழுத்தும் அதனை விற்றவன் சொல்ல விரும்பியதைச் சொல்லுகின்றன. ஆதலின் இரண்டையும் ஒரே முறையில் வாசித்தல் தகும். சொல்லப்பட்டது யாது, சொல்லாது விடப்பட்டது யாது, யாருக்காகச் சொல்லப்பட்டது என்னும் மூன்று வினாக்களும் இரண்டுக்கும் பொதுவானவை.

பழைய உணவுப் பேணிகளையும் பொதியுறைகளையும் தேடிச் சேர்க்கும் வழக்கம் பிரித்தானியாவில் இன்று மதிப்புற்ற ஒன்றாகும். ரெடிங் நகர அருங்காட்சியகத்தில் ஹன்ட்லி பாமர் விசுக்கோத்துப் பேணிகளுக்கெனத் தனிக்கூடம் உண்டு. இலண்டன் விக்டோரியா அல்பேட் அருங்காட்சியகத்தில் ஃபிராங்கிளின் என்பார் சேர்த்த பேணிகள் இடம்பெற்றுள்ளன. ரொபேட் ஓப்பி என்பார் 1963ஆம் ஆண்டில், தமது பதினாறாம் வயதில், ஓர் இனிப்புப் பண்டத்தின் உறையை எறியாது வைத்துக்கொண்டதிலிருந்து தொடங்கிப் பல்லாயிரம் பொருள்களைத் திரட்டி, 1984இல் குளொஸ்டர் நகரில் ஒரு காட்சியகத்தையே நிறுவினார். அவர் திரட்டியவை இப்பொழுது இலண்டன் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவருடைய பெற்றோர் பிள்ளைகளின் விளையாட்டுப் பாடல்களையும் வழக்குகளையும் தொகுத்து ஆராய்ந்த அறிஞர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பெற்றோர் வாய்ச்சொல்லைப் பேணினர். மைந்தர் உறையைப் பேணினார்.

ஈழத் தமிழ் வழக்கில் இத்தகைய தகரக்கலம் பேணி எனப்படும். பேணுதல் என்னும் வினையோடு இச்சொல்லுக்குப் பிறப்புறவு உண்டோ என்பது சொல்லாராய்ச்சியாளர்க்குரிய வினா. பொருளுறவு உண்டு என்பது வெளிப்படை. எனினும் பேணப்படுவது யாது, எதற்காகப் பேணப்படுகிறது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. கொழும்பில் வாழும் தமிழ் மாணாக்கர்க்கு இவ்வினா வெறும் பொழுதுபோக்குப் பற்றியதன்று. இப்பேணிகளுட் சிலவற்றின்மேல் வரையப்பட்டிருப்பது தமிழ்ப் பெண்ணின் உருவம் என்பதே அதற்குக் காரணம்.

பேணியின் பிறப்பு

உணவைக் காற்றுப் புகாது அடைத்துச் சூடேற்றிக் காக்கும் முறையைப் பிரான்சிய நாட்டவராகிய அப்பேர் கண்டறிந்தார். அவர் கையாண்டது கண்ணாடிக்கலம். தகரக்கலத்துக்கான உரிமைப்பத்திரத்தை 1810இல் இலண்டனில் பெற்றவர் பீற்றர் டுராண்ட். அவ்வுரிமையைக்கொண்டு டொன்கின், ஹோல் ஆகியோர் நிறுவிய தொழிற்சாலை 1813ஆம் ஆண்டளவில் கடற்படைக்கு இறைச்சிப் பேணிகளை அளிக்கலாயிற்று. இவை உண்டதும் எறியப்படும் பேணிகள். மூடியைத் திறந்து மீண்டும் மூடத்தக்க விசுக்கோத்துப் பேணியும் தேயிலைப் பேணியும் வேறு இனத்தன. சேகரிப்போர் விரும்புவது பெரும்பாலும் இவ்விரண்டாம் இனத்தையே.

ஜோசப் ஹன்ட்லி என்பார் 1822இல் ரெடிங் நகரில் விசுக்கோத்துக் கடை தொடங்கினார். குதிரை வண்டிகளிற் செல்லும் பயணிகள் வாங்கிய விசுக்கோத்து வழியில் நொறுங்காமலும் பதம் கெடாமலும் இருத்தற்குப் பேணி வேண்டியதாயிற்று. இரும்புக்கடை நடத்திய அவருடைய இளைய மைந்தர் அதனைச் செய்து கொடுத்தார். தந்தையின் தொழில் 1841இல் ஜோர்ஜ் பாமர் சேர்ந்தபின் உலகப் பெயர் பெற்றது. மைந்தரின் தொழில் பேணி செய்யும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பண்டமும் கலமும் ஒரே குடும்பத்தில் பிறந்து உடன் வளர்ந்தன எனலாம்.

தகரத்தின்மேல் படம் அச்சிடுதல் எளிதன்று. அச்சுக் கல்லும் வன்மையுடையது, தகரமும் வன்மையுடையது. வன்மை வன்மையோடு நேரே பொருந்தின் மை சீராகப் பதியாது. 1875இல் ரொபேட் பார்க்கிளே என்பார் கல்லிலிருந்து மையை முதலில் மெதுவான பரப்பொன்றிலே பெயர்த்து, அதிலிருந்து தகரத்திற் பதிக்கும் முறைக்கு உரிமை பெற்றார். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நெறி தாளச்சுக்கும் வந்தது. இன்று நூல்களும் கல்லூரி மலர்களும் அச்சாகும் ஓப்செற் முறை விசுக்கோத்துப் பேணியின் உடன்பிறப்பு என்பதைப் பலர் அறியார்.

தகரப் பேணி என்பது பெயரளவில்தான் தகரம். உள்ளே இருப்பது மெல்லிய இரும்புத் தகடு. அதன்மேல் வெள்ளீயப் பூச்சு. தகடு பெரும்பாலும் தென் வேல்ஸ் ஆலைகளில் உருவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஈயத்திற் பெரும்பங்கு மலாயாவிலிருந்து சென்றது. அந்நாட்டில் ஈயச் சுரங்கப் பகுதியாகிய தைப்பிங்கையும் துறைமுகத்தையும் இணைத்து 1885இல் திறக்கப்பட்ட முதலாவது புகையிரதப் பாதை, இலங்கையிலிருந்து சென்ற தொழிலாளர் படையால் அமைக்கப்பட்டது. பின்னர் அப்புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் யாழ்ப்பாணத்தார் பலர் பணிபுரிந்தனர். எனவே பேணியில் எழுதப்பட்ட பெயர் ரெடிங் அல்லது இலண்டன் ஆயினும், எழுதப்படாத பெயர்கள் பல.

வாக்குறுதி என்னும் அளவுகோல்

பேணியைத் திறனாய்தற்கு முதலில் அதன் பயன் யாது என்று வரையறுத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடைகளில் விற்ற தேயிலையில் வேறு இலைகளும் சாயமும் கலந்திருத்தல் வழக்கம். வாங்குவோர்க்கு விற்போனின் சொல்லன்றி வேறு சான்று இல்லை. ஜோன் ஹோர்னிமன் என்பார் 1826இல் தேயிலையை அடைத்து முத்திரையிட்ட பொதிகளாக விற்கத் தொடங்கினார். திறவாத பொதி, கலப்பில்லாத பண்டம், குறித்த நிறை என்பன அவர் அளித்த உறுதிகள். உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் வலுவான சட்டம் 1875இல் வந்தது. எனவே பேணியும் பொதியும் வெறும் அலங்காரமாகத் தோன்றவில்லை, வாக்குறுதியாகத் தோன்றின. வாக்குறுதியை வாக்குறுதி என்னும் முறையிலேயே மதிப்பிடுதல் நீதி. அது எவ்வளவு கூறுகிறது, கூறியதை எவ்வளவு காக்கிறது என்பனவே அளவுகோல்.

இவ்வளவுகோலைக்கொண்டு சில புகழ்பெற்ற பேணிகளை நோக்குதல் பயன்தரும். ஹன்ட்லி பாமர் நிறுவனத்தின் முதலாவது அலங்காரப் பேணி 1868இல் வெளிவந்தது. அதற்குக் கோலம் வகுத்தவர் உலக நாடுகளின் அலங்கார மரபுகளை ஆராய்ந்து நூல் செய்த ஓவன் ஜோன்ஸ். தட்டையான பரப்பில் தட்டையான கோலமே பொருந்தும் என்னும் அவர் கொள்கை இங்குத் தகடு என்னும் பொருளுக்கு ஏற்றதாய் அமைந்தது. பேணி பேணியாகவே தோன்றுகிறது. இதற்கு மாறாக, 1900ஆம் ஆண்டளவில் அதே நிறுவனம் வெளியிட்ட நூலகப் பேணியோ, வாரினாற் கட்டிய எட்டு நூல்களைப்போலத் தோன்றுவது. வேலைத்திறன் வியக்கத்தக்கதே. தோல் அட்டையின் தேய்வும் அதிற் காணலாம். ஆனால் நூலென்று கையிலெடுத்தோன் விசுக்கோத்தைக் காண்கிறான். சேகரிப்போர் இதற்கு மிகுந்த விலை கொடுப்பர். திறனாய்வோன் இதனை நல்ல விளையாட்டுப் பொருள் என்பான். நல்ல பேணி என்னான்.

லைல் நிறுவனத்தாரின் பொன்னிறச் சர்க்கரைப் பாகுப் பேணி 1885 முதல் ஏறத்தாழ ஒரே கோலத்தில் வழங்கிவருவது. இறந்த சிங்கமும் அதனைச் சூழ்ந்த தேனீக்களும் அதன் படம். சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்கள் கூடு கட்டிய விவிலியக் கதையை அது குறிக்கிறது. பாகு, சர்க்கரை சுத்திகரிப்பில் எஞ்சும் சாற்றிலிருந்து செய்யப்படுவது. கழிவென நின்றதிலிருந்து இனிமை பிறந்தது என்னும் கருத்தும், வலியதன் உடலிலிருந்து இனிமை பிறந்தது என்னும் கதையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. உள்ளிருக்கும் பண்டத்தின் இயல்பைப் புறத்திலுள்ள படம் உவமையாற் கூறுகிறது. மிகையாக ஒன்றும் கூறவில்லை. உவமைக்குரிய அடக்கம் இதன்கண் உண்டு.

மற்றொன்று, 1900ஆம் ஆண்டுப் புத்தாண்டையொட்டி விக்டோரியா அரசியார் தென்னாபிரிக்கப் போர்க்களத்திலிருந்த படைவீரர்க்கு அனுப்பிய சொக்கலேற்றுப் பேணி. அதனைச் செய்துகொடுத்த கட்பரி, ஃபிரை, ரவுண்ட்ரி ஆகிய மூன்று நிறுவனத்தாரும் போரை வெறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவினர். அரசியாரின் வேண்டுகோளை மறுக்கவும் இயலவில்லை. போரினால் விளம்பரம் பெறவும் மனமில்லை. ஆதலால் தம் பெயரைப் பொறிக்க முதலில் உடன்படவில்லை. பேணியில் எது எழுதப்படலாம், எது எழுதப்படலாகாது என்பது மனச்சான்றுக்கும் உரிய வினா என்பதை அக்கால வணிகரே அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

மலைநாட்டுப் பெண்

இனித் தேயிலைப் பேணி. ஜேம்ஸ் ரெய்லர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் பரவிய நோய் கோப்பிச் செடியை அழிக்கவே, மலைநாடு தேயிலை நாடாயிற்று. மளிகை வணிகராகிய தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார்; அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னைத் தொழிற்சாலையை அமைத்தார். ஒரு இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் எனக் குறித்த நிறையுள்ள பொதிகளாகத் தேயிலையை விற்றார். இடைத்தரகர் இன்றித் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு வருகிறது என்பது அவர் விளம்பரத்தின் கருத்து. அக்காலத் தேயிலை விளம்பரங்களிலும் பேணிகளிலும் கூடை சுமந்து கொழுந்து கொய்யும் பெண் பெருவழக்கான உருவமானாள்.

இப்படத்தை அதற்கு இணையான மற்றொரு படத்தோடு ஒப்பிடலாம். கொழும்புத் தமிழ் வீடுகளில் நெடுங்காலம் பழகிய மில்க்மெயிட் பாற்பேணியில் பாற்குடம் சுமந்த ஐரோப்பியப் பெண் நிற்கிறாள். இருவரும் உழைக்கும் பெண்டிர். இருவரும் சுமை தாங்கியவர். இருவரும் களைப்பறியாத தோற்றத்தினர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாற்காரி ஐரோப்பிய நாட்டுப்புறக் கவிதை மரபில் வந்தவள். அவளே தன் கையாற் கறந்த பால் இது என்று எவரும் நம்புவதில்லை. தேயிலைப் பெண்ணோ உண்மையில் இருந்தவள். அவள் கொய்த இலையே பேணிக்குள் இருந்தது. பாற்காரி சின்னம், கொழுந்துப் பெண் சான்று. சான்றாக நிறுத்தப்பட்டவளைப் பேசவிடாது நிறுத்தியதே அப்படத்தின் குறை.

தமிழ் இலக்கண மரபு இக்குறையை விளக்க உதவும். தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுப்பர். பேணியில் முதற்பொருள் உண்டு: மலையும் காலைப் பொழுதும். கருப்பொருளும் உண்டு: செடியும் கூடையும் தொழிலும். இவை குறிஞ்சியின் சாயலில் அமைகின்றன. உரிப்பொருளோ வேறு. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து, கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, நோயால் பலரை வழியிலேயே இழந்து வந்தவர்களின் வழித்தோன்றல் அவள். அவ்வாழ்க்கையின் உரிப்பொருள் பிரிவு, திணை பாலை. குறிஞ்சியின் முதலும் கருவும் காட்டிப் பாலையின் உரியை மறைத்தது அப்படம். கவிஞர் செய்யும் திணைமயக்கம் பொருளை விளக்குவது. இம்மயக்கம் பொருளை மூடுவது.

மறைக்கப்பட்டவை சிறியன அல்ல. லயக் காம்பிரா படத்தில் இல்லை. கங்காணி இல்லை. கடன் தீராதவரைத் தொழிலாளியைக் கட்டிவைத்து, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட துண்டு முறை இல்லை. நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுமாறு கேட்டது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகக் கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சமமாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. 1972இல் நாட்டின் பெயர் மாறியது. பேணியில் சிலோன் என்னும் பெயர் மாறாது நின்றது. இலைக்கு ஊர்ப்பெயர் நிலைத்த அக்காலத்தில் இலையைக் கொய்த கைக்கு ஊர் இல்லாதிருந்தது.

விளம்பரம் விளம்பரமே, அதனிடத்து வரலாற்றை எதிர்பார்த்தல் முறையோ எனச் சிலர் வினவலாம். வினா நேர்மையானது. நிறையையும் தூய்மையையும் மட்டும் கூறி நின்ற பேணியிடம் அவற்றை மட்டுமே கேட்டல் போதும். ஆனால் பிறந்த இடத்தையே பெருமையாகக் காட்டி, அங்கிருந்து நேரே வருகிறேன் என்று கூறும் பேணி, அவ்விடத்தைப் பற்றிய வினாவுக்குத் தானே வழி திறக்கிறது. பண்டத்தைப் பற்றிய வாக்குறுதியை அது காத்தது. இடத்தைப் பற்றிய வாக்குறுதியைப் பாதியே காத்தது என்பதே தீர்ப்பு. அச்சுத் திறனுக்கும் நிறையின் நேர்மைக்கும் உரிய புகழை இத்தீர்ப்பு குறைப்பதன்று.

சேகரிப்போரின் கண்

சேகரிப்போர் பேணியை மதிப்பிடும் முறை வேறு. அருமை, பழைமை, கீறலின்மை, வண்ணத்தின் பொலிவு ஆகியன விலையை உயர்த்தும். துரு, நசிவு, பிறபொருள் இட்ட கறை ஆகியன விலையைக் குறைக்கும். ஒருவரும் பயன்படுத்தாத பேணியே அவர்க்கு உயர்ந்த பேணி. பொருளைக் காப்பதற்கு இம்முறை உதவியது என்பதை மறுத்தல் ஆகாது. அவர் சேர்த்திராவிடின் பல பேணிகள் எருக்கிடங்கில் மக்கியிருக்கும். ஆயினும் பேணியின் வரலாற்றில் பாதி, அது கடையை விட்டு நீங்கிய பின்னரே நிகழ்கிறது. அப்பாதியைக் குறை எனத் தள்ளுவது இம்முறை.

கொழும்பில் அப்பிற்பாதியே சிறந்தது. கோட்டையில் 1906இல் எழுந்த கார்கில்ஸ் கட்டடத்திலும் அதனையொத்த கடைகளிலும் விற்ற சீமைப் பண்டங்கள் துரைமார் இல்லங்களுக்கே முதலில் சென்றன. பின்னர் அரசாங்க உத்தியோகத்தர் வீடுகளுக்கும், துறைமுகத்தையடுத்த கொட்டாஞ்சேனை வீடுகளுக்கும், வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பங்களுக்கும் வந்தன. விசுக்கோத்து சில நாளில் தீர்ந்தது. பேணி ஒரு தலைமுறை நின்றது. தீபாவளிக்குச் செய்த பயற்றம்பணியாரமும் முறுக்கும் எறும்பு அணுகாது அதற்குள் இருந்தன. வெறும் பாற்பேணி அரிசி அளக்கும் அளவையாயிற்று. சமையற் குறிப்புகளும் பேணிக் கணக்கிற் சொல்லப்பட்டன. பிள்ளைகள் இரண்டு பேணிகளை நூலாற் பிணைத்துத் தொலைபேசி செய்தனர். ஊசியும் நூலும், உறுதியும் பிறப்புச் சான்றும், அடைவுச் சீட்டும் பழைய பேணிகளில் அடைக்கலம் பெற்றன. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டபோது, வெறும் பேணிக்கும் மதிப்பு ஏறியது. அரசியின் உருவத்தையோ ஆங்கில நாட்டுப்புறக் காட்சியையோ மேலே தாங்கிய பேணி உள்ளே தமிழ்ப் பலகாரத்தைத் தாங்கியது. புறம் பிறர் சொல்லியதாக இருக்க, அகத்தை வீட்டார் தாமே எழுதிக்கொண்டனர்.

இத்தகைய பேணிகள் கொழும்பில் இன்று அரியனவாதற்குக் காரணம் இரண்டு. முதலாவது இயற்கை. வெள்ளவத்தைக் கடற்காற்றில் உப்பு மிகுதி. ஈயப் பூச்சில் சிறு கீறல் விழினும் உள்ளிருக்கும் இரும்பைத் துரு பற்றும். நீரிற் கழுவுதல் அதனை விரைவுபடுத்தும். வெயில் வண்ணத்தை வெளிறச் செய்யும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தலே தக்கது. இரண்டாவது காரணம் மனிதர் செய்தது. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெள்ளவத்தை உள்ளிட்ட பகுதிகளில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. மக்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தனர். பலர் கப்பலேறி வடக்கே சென்றனர். எரிந்தவை சுவரும் கூரையும் மட்டுமல்ல. தட்டுகளில் இருந்த சிறுபொருள்களும் அவற்றோடு ஒட்டியிருந்த நினைவுகளும் எரிந்தன. அதற்கு முற்பட்ட ஒரு பேணி இன்று ஒரு வீட்டில் எஞ்சியிருப்பின், அதன் விலையைச் சந்தை கூறல் இயலாது.

பேணத்தக்கது

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். பேணியைச் சேகரித்தல் இழிந்த செயலன்று. அது முற்றுப்பெறாத செயல். படத்தைக் காப்போர் அப்படம் விடுத்ததையும் உடன் காத்தல் வேண்டும். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். பேணியில் வாய் திறவாது நிற்கும் பெண் அத்தொகுப்பிலே பாடுகிறாள். ஒன்றை அருகில் வையாது மற்றொன்றைக் காட்சிக்கு வைத்தல் அரைப் பாட்டைப் படிப்பதை ஒக்கும். கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்றில் அமைந்த தேயிலை அருங்காட்சியகத்தைக் காணச் செல்லும் மாணாக்கர், கம்பளைப் பகுதியில் ஒரு லயத்தைக் காத்து அமைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் காணுதல் இக்காரணத்தாலேயே நன்று.

கல்லூரிகள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. மாணாக்கர் தத்தம் வீட்டிலுள்ள பழைய பேணியை நோக்கி, அது எவ்வாண்டில் வந்தது, யார் வாங்கினார், அதில் முதலில் இருந்தது யாது, பின்னர் இடப்பட்டது யாது, எவ்வெவ் வீடுகளுக்கு மாறியது என்று முதியோரைக் கேட்டு எழுதி வைக்கலாம். பேணியை விலைக்குத் தேடுதல் வேண்டியதில்லை. துருவும் நசிவும் அவ்வேட்டில் குறையாகா, செய்தியாகும். அருங்காட்சியகங்களில் உள்ள குறிப்புகள் செய்த நிறுவனத்தையும் ஆண்டையும் கூறும். பயன்படுத்தினோரைக் கூறும் குறிப்பை அவரவர் மக்களே எழுதுதல் வேண்டும்; பிறர் எழுதார்.

கலம் உள்ளிருப்பதைக் காப்பதற்காகவே ஆக்கப்பட்டது. உள்ளிருந்த பண்டம் தீர்ந்த பின்னும் கலத்தை மட்டும் மினுக்கி வைத்தல் சேகரிப்பு. அதனுள் யார் உழைப்பு அடங்கியிருந்தது, யார் வாழ்வு பின்னர் அடைக்கலம் பெற்றது என்பதை அறிந்து வைத்தல் பேணுதல். முதலாவதற்குப் பணமும் கண்ணும் போதும். இரண்டாவதற்குக் கேட்கும் செவியும், சொல்வதற்கு முதியோர் இருக்கும் காலமும் வேண்டும். அக்காலம் நீண்டதன்று.